தெரியேல்லை

என்னுடைய வருத்தத்துக்கு ஒரு நீட்டுப் பெயர் இருக்கிறது: மல்ரிப்பிள் ஸ்கிலிரோசிஸ். அதை நான் சொல்லவில்லை. எழுதிக்கொண்டிருக்கும் என் பேத்தி தானாகப் போட்டாள். நான் சொன்னால் முதல் பாதி வெளியே வரும், மற்றப் பாதி பல்லில் சிக்கிக்கொள்ளும். அதனால் வீட்டில் அதற்கு மல்லி என்று பெயர் வைத்துவிட்டோம். "இண்டைக்கு மல்லி எப்பிடி?" என்று என் மனுசன் காலையில் கேட்பார். "படுத்திருக்குது" என்று நான் சொன்னால், நான் எழும்பி நடமாடலாம் என்று அர்த்தம். "எழும்பியிட்டுது" என்றால் நான் போய்ப் படுக்கவேண்டும். இத்தனை வருடமாக நாங்கள் இரண்டு பேரும் அதோடு இப்படித்தான் குடித்தனம் நடத்துகிறோம். அவர் கேட்பதை இன்னும் விடவில்லை.

எனக்கு எழுத்துத் தெரியாது. வீட்டில் நான் மூத்தது. எனக்குப் பின்னால் வந்தவர்களின் தொட்டிலை ஆட்ட ஓர் ஆள் வேண்டியிருந்தது, அது நான்தான். பள்ளிக்கூடத்தை வேலிக்கு வெளியே நின்று ஆட்டுக்குக் குழை ஒடித்தபடி பார்த்திருக்கிறேன். உள்ளே பிள்ளைகள் ராகம் போட்டுக் கத்துவார்கள், அந்த ராகம் மட்டும் எனக்குப் பாடம். எழுத்தில் ஒன்றே ஒன்று தெரியும். அது எது என்று பிறகு சொல்கிறேன், அதில்தான் இந்தக் கதையே இருக்கிறது.

நான் கதைப்பதை இவள் புத்தகத் தமிழாக்கி எழுதுகிறாளாம். நான் "எண்டு" என்றால் இவள் "என்று" என்று போடுவாளாம். கொஞ்சம் வாசித்துக் காட்டினாள். யாரோ ஒரு ரீச்சர் கதைப்பதுபோல இருந்தது. எனக்கு நன்றாகப் பிடித்துக்கொண்டது. ஆட்கள் கதைத்ததை மட்டும் கதைத்தபடியே வை, அதில் கை வைக்காதே என்று சொல்லியிருக்கிறேன். இவள் வேறு யாருமில்லை, கதையின் கடைசியில் பிறக்கப்போகிற பிள்ளை இவள்தான்.

மல்லி முதல் தடவை வந்தபோது அது இன்னதென்று ஒருவருக்கும் தெரியாது. என் மகள் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். நான் மருதனார்மடம் சந்தையில் வெங்காயத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிறேன். கத்தரிக்காய்க் குவியலுக்குப் பின்னால் இருந்த மனுசி என்னைப் பார்த்துச் சத்தம் போட்டா.

"எணேய், மற்றச் செருப்பை ஆருக்குக் குடுத்திட்டு வாறாய்?"

குனிந்து பார்த்தேன். இடது காலில் செருப்பு இல்லை. சந்தைக்குள் எங்கேயோ கழன்று விழுந்திருக்கிறது. கல்லிலும் காய்ந்த மண்ணிலும் வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறேன், காலுக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை. எனக்கு வெட்கம் வந்ததே தவிரப் பயம் வரவில்லை. செருப்பு மரவள்ளிக் கிழங்குக்காரரின் சாக்குக்குக் கீழே கிடந்தது. அவர் அதை ஒரு குச்சியால் தூக்கித் தந்தார், செத்த எலியைத் தூக்குவதுபோல.

பிறகு அந்த விறைப்பு காலிலிருந்து இடுப்புக்கு ஏறியது. எங்கள் பக்கத்துப் பரியாரியார் வந்து பார்த்துவிட்டு வாதம் என்றார். வாதம் என்றால் எங்கள் ஊரில் எல்லாருக்கும் என்ன செய்யவேண்டும் என்று தெரியும், பரியாரியார்கூடத் தேவையில்லை. குளிர் ஆகாது. ஆமணக்கம் இலையை வாட்டி ஒத்தடம் பிடித்தார்கள். நல்லெண்ணெயைக் காய்ச்சித் தேய்த்தார்கள். இலை குழை எல்லாம் போட்டு அவித்த சுடுதண்ணீரில் வார்த்தார்கள். அப்படி வார்த்தவுடனே என் கால்கள் இரண்டும் வெயிலில் போட்ட கீரைத்தண்டுபோல மடிந்து போய்விடும். எழும்ப முடியாது. என் அம்மா பயந்து போவா. பயந்து, சூடு காணாது என்று அடுத்த நாள் இன்னும் சூடாக வார்ப்பா. நான் இன்னும் மடிந்து போவேன். இப்படி நானும் அம்மாவும் சுடுதண்ணீரும் ஒரு போட்டி நடத்திக்கொண்டிருந்தோம். சில கிழமையில் விறைப்பு தானாகவே இறங்கிப் போய்விட்டது. எல்லாருக்கும் சந்தோஷம். பரியாரியாருக்கு ஒரு குலை கதலிப்பழம் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவரில் பிழையில்லை, நல்ல மனுசன். இப்படி ஒரு வருத்தம் உலகத்தில் இருக்கிறதென்று அவருக்கு யார் சொன்னது?

அதற்குப் பிறகு நெடுங்காலம் ஒன்றுமில்லை. மகள் வளர்ந்து, கல்யாணம் கட்டி, வயிற்றில் பிள்ளையோடு தலைப்பிள்ளைப் பேற்றுக்கு வீட்டுக்கு வந்துவிட்டாள். அப்போதுதான் மல்லி இரண்டாம் தடவை வந்தது. இந்த முறை கண்ணுக்கு வந்தது.

பேற்று நாளுக்கு முன்னமே தூள் இடித்து வைக்கவேண்டுமே என்று செத்தல் மிளகாய் துப்புரவாக்கிக்கொண்டிருந்தேன். பிள்ளை பெற்றவளுக்குச் செத்தல் ஆகாது என்று உங்களுக்குத் தெரியும். அது வீட்டில் உள்ள மற்ற ஆட்களுக்கு. காம்பு கிள்ளிக் கிள்ளிச் சுளகில் போடுகிறேன், மிளகாய் எல்லாம் வெளிறிப்போய்ச் செங்கல் பொடி நிறத்தில் கிடக்கிறது. "இஞ்சாருங்கோ, உந்தக் கடைக்காரன் பழைய செத்தலைத் தலையிலை கட்டியிட்டான்" என்று மனுசனைக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்துவிட்டு, "இரத்தம் மாதிரிச் சிவந்து கிடக்குது, உனக்கென்ன விசரோ?" என்றார். நான் வலக் கண்ணைப் பொத்திப் பார்த்தேன், மிளகாய் நல்ல சிவப்பு. இடக் கண்ணைப் பொத்தினேன், செங்கல் பொடி. மாறி மாறிப் பொத்திப் பார்த்து எனக்கு விளையாட்டாக இருந்தது. இரண்டு நாள் போக, அந்தக் கண்ணுக்குள் அரிசி கழுவின தண்ணீர் விட்டதுபோல எல்லாம் கலங்கிவிட்டது. கண்ணைத் திருப்பினால் உள்ளே யாரோ பிடித்து இழுப்பதுபோல நோ. கூடவே காலில் பழைய விறைப்பும் கையில் ஒரு சோர்வும் வந்தன. கையில் எடுத்த செம்பு கீழே விழுந்து கிணற்றடிக் கல்லில் நெளிந்தது. அந்தச் செம்பு இப்போதும் இருக்கிறது. நெளிவோடு தான் வைத்திருக்கிறேன்.

மனுசன் என்னைச் சைக்கிளில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். சண்டைக் காலம், அப்போது பெற்றோல் ஏது, பஸ் ஏது. பின் கரியரில் நான் ஒரு பக்கமாக இருப்பேன். விறைத்த கால் சில்லுக்குள் போனால் எனக்குத் தெரியாது என்று, இரண்டு காலையும் அவருடைய சால்வையால் சேர்த்துக் கட்டிவிட்டார். வழியில் ஒருவர், "என்ன அண்ணை, சந்தையிலை ஆடு வாங்கினனியளோ?" என்று கேட்டார். அவரும் சளைக்காமல், "ஓம், கதைக்கிற ஆடு" என்றார். எனக்கு நோவிலும் சிரிப்பு வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் பெரிய டொக்டர் என்னை நடக்கவிட்டுப் பார்த்தார், பாதத்தில் திறப்புச் சாவியால் கீறிப் பார்த்தார், விரலைக் காட்டி இது தெரிகிறதா என்று கேட்டார். அன்றைக்கு வலக் கண்ணுக்கு விரலும் தெரியவில்லை. முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். பழைய செருப்புக் கதையைக் கேட்டபோதுதான் அவர் முகம் மாறியது. அதை இரண்டு தடவை சொல்லச் சொன்னார். நான் மூன்றாம் தடவையும் சொல்லத் தயாராக இருந்தேன்.

"அம்மா, கரண்ட் வயர் பாத்திருக்கிறியள்தானே? உள்ளுக்குக் கம்பி, மேலை ரப்பர். உங்கடை நரம்பிலை அந்த ரப்பர் அங்கங்கை உரியுது. அதுதான் கண்ணுக்கும் காலுக்கும் செய்தி ஒழுங்காப் போய்ச் சேரேல்லை."

மனுசன் குறுக்கே வந்தார். "ஐயா, ஊரிலையே கரண்ட் இல்லை. இவவின்ரை வயரை மட்டும் திருத்தி என்ன செய்யிறது?"

டொக்டர் சிரித்துவிட்டார். அந்தக் காலத்தில் நாங்கள் எல்லாரும் ஜாம் போத்தல் விளக்கில்தான் இருந்தோம். சிரித்து முடித்து அவர் சொன்னதை நான் மறக்கவில்லை.

"இது வந்து வந்து போற வருத்தம். முழுக்க மாறுமெண்டு பொய் சொல்லமாட்டன். வாற நேரம் மருந்தாலை கெதியா அமத்தலாம். கண் அநேகமாத் திரும்பும். இன்னொண்டு, உடம்பைச் சூடாக்காதையுங்கோ. சுடுதண்ணி, வெயில், அடுப்படி எல்லாம் குறையுங்கோ. பச்சைத் தண்ணியிலை முழுகுங்கோ."

இதைக் கேட்டதும் எனக்கு வந்த சந்தோஷம் உங்களுக்கு விளங்குமோ தெரியாது. அப்போது அம்மா உயிரோடு இல்லை. இருந்திருந்தால் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன், அந்தச் சுடுதண்ணீர்ப் போட்டியில் நான்தான் சரி என்று.

மருந்து அப்போது லேசில் கிடைக்காது. கப்பலில் மருந்துப் பெட்டி வரும்வரைக்கும் ஆஸ்பத்திரியே வழி பார்த்துக்கொண்டிருந்த காலம். என் அதிர்ஷ்டம், எனக்கு வேண்டியது இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு குளிர்கிறது. சில நாள் கையில் ஊசி குத்தி ஏற்றினார்கள், பிறகு குளிசை தந்து வீட்டுக்கு விட்டார்கள். அந்தக் குளிசையின் கூத்தைச் சொல்லவேண்டும். முகம் பூசணிக்காய்போல உருண்டுவிட்டது. பசியென்றால் அப்படி ஒரு பசி, பாண் ரொட்டி வாங்கினால் வரிசையை விட்டு வெளியே வருமுன்னே பாதியைத் தின்று முடித்துவிடுவேன். நித்திரை வராது. வாய் மூடாது. "உந்தக் குளிசையிலை கதைக்கிற மருந்தும் கலந்திருக்கிறாங்கள்" என்று மனுசன் காதைப் பொத்துவார். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "அக்கா, நல்லா வடிவாத் தேறியிட்டியள்! என்ன சாப்பிடுறியள்? எனக்கும் சொல்லுங்கோவன்" என்று கேட்டாள். வருத்தக்காரியைப் பார்த்துப் பொறாமைப்பட்டது அவள் ஒருத்திதான்.

பச்சைத் தண்ணீர் விசயத்தில் ஊர் என்னோடு சண்டைக்கு நின்றது. மத்தியானத்தில் கிணற்றடியில் வாளி வாளியாக ஊற்றிக்கொண்டு நிற்பேன், கழுத்தில் எந்த நேரமும் ஈரத் துவாய். பார்க்கிறவர்கள் எல்லாரும், "வாதக்காரி இப்பிடி நிண்டால் சன்னி வந்து போய்ச் சேருவாய்" என்பார்கள். ஆனால் அந்தத் தண்ணீர் தலையில் விழுந்தவுடன் கலங்கின கண் ஒரு பங்கு தெளியும். கால் நிமிரும். நான் ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

இப்போது சம்பந்தி வருகிறா. என் மருமகனின் தாய், உடுப்பிட்டி மனுசி. படித்தவ, மூக்குக் கண்ணாடி போட்டு முழுப் பேப்பரும் வாசிப்பா. நல்ல மனம், ஆனால் சொல்லவேண்டியதை முகத்துக்கு நேரே சொல்லுவா. மகளைப் பார்க்க வந்தவ, நான் தேத்தண்ணீர் கொண்டுவரும்போது பேணி தட்டில் கிடுகிடுவென்று ஆடியதைப் பார்த்துவிட்டா. தேத்தண்ணீரைக் குடித்து முடித்தா. பிறகு தொடங்கினா.

"மச்சாள், குறை நினையாதையுங்கோ. தலைப்பிள்ளை தாய் வீட்டிலைதான் எண்டு எனக்கும் தெரியும். ஆனால் உங்களுக்குக் கை வழங்காது, கண் தெரியாது. எண்ணெய் பூசின பச்சைக் குழந்தை விரால் மீன் மாதிரி வழுக்கும். நழுவினால் பேந்து ஆரைக் கேக்கிறது?"

"கண் இப்ப எவ்வளவோ வெளிச்சுப்போச்சு மச்சாள்."

"உங்கடை வாய் சொன்னால் காணாது. டொக்டர் சொல்லட்டும். கண் திரும்பியிட்டுதெண்டு அவர் சொன்னால் நான் ஒரு சொல்லுக் கதைக்கமாட்டன். இல்லாட்டில் பிள்ளையை உடுப்பிட்டிக்குக் கூட்டிக்கொண்டு போறன். பேறு அங்கை நடக்கட்டும்."

மகள் என் முகத்தைப் பார்த்தாள். நான் பேணிகளை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். அவ சொன்னதில் நியாயம் இருந்ததுதான் எனக்கு வயிற்றெரிச்சல். என் மகளை நான் காலில் போட்டு வார்த்து வளர்த்தேன். அதற்கு முன் தம்பி தங்கைச்சிமார் எல்லாரையும் வார்த்தேன். எழுத்துப் படிக்காதவள் படித்த ஒரே படிப்பு அது. என் பேரப்பிள்ளையை மட்டும் வேறு காலில் போட்டு வார்க்க, நான் இங்கே குந்தியிருந்து ஈரத் துவாயைப் பிழிந்துகொண்டிருப்பதா?

அடுத்த தவணைக்கு ஆஸ்பத்திரிக்குப் போன அன்று நான் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துவிட்டுத்தான் கரியரில் ஏறினேன். மனுசனை அறை வாசலில் வாங்கில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். உள்ளே ஓர் இளம் டொக்டர், புதியவர். சுவரில் ஒரு வெள்ளை மட்டை தொங்கியது. மேலே பெரிதாக ஒன்று, கீழே போகப் போகச் சின்னச் சின்னதாக வரிசை வரிசையாக எழுத்துகள். நேர்ஸ் பிள்ளை ஒரு சின்ன மட்டைத் துண்டைத் தந்து இடக் கண்ணை மறைக்கச் சொன்னா. நான் வடிவாக மறைத்துப் பிடித்தேன். டொக்டர் ஒரு தடியால் மேலே இருந்த பெரியதைத் தொட்டார்.

"இது என்னம்மா?"

"தெரியேல்லை ஐயா."

தடி ஒரு வரி கீழே இறங்கியது.

"சரி. இது?"

"அதுவும் தெரியேல்லை."

"இது?"

"ஐயோ, அது சுத்தமாத் தெரியேல்லை."

அவர் அடுத்த வரிக்குப் போகவில்லை. தடியைக் கீழே வைத்துவிட்டார். போய்ப் பெரிய டொக்டரைக் கூட்டிவந்தார். மனுசனையும் உள்ளே கூப்பிட்டார்கள். பெரிய டொக்டர் தாழ்ந்த குரலில், பாதி இங்கிலிசும் பாதி தமிழுமாக அவரோடு கதைத்தார். எனக்கு விளங்கியது கொழும்பு என்ற ஒரு சொல்தான். அது போதும். கொழும்பு என்றால் அப்போது ஊரை விட்டுப் போகப் பாஸ் எடுக்கவேண்டும், கடல்நீரேரியை வள்ளத்தில் கடக்கவேண்டும், உயிரோடு போய்ச் சேர்ந்தால் திரும்பி வருவது எப்போதோ. மனுசன் சால்வையால் முகத்தைத் துடைத்தார். அவர் என்னுடைய வருத்தத்தில் பகிடி விடாமல் நின்றதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கொழும்புக்குப் போனால் மகளின் பேறு? பிறகு பிரமனே வந்தாலும் அவளை உடுப்பிட்டிக்குப் போகவிடாமல் மறிக்க முடியாது.

நான் கதிரையில் இருக்கிறேன். மட்டையை எடு என்று ஒருவரும் சொல்லவில்லை. அதனால் இடக் கண்ணை மறைத்தபடியே இருக்கிறேன். வேறு பார்க்க ஒன்றும் இல்லாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படிப் பார்க்கும்போது, அந்தச் சின்ன எழுத்துக் கூட்டத்துக்குள், கடைசிக்கு மேல் வரிசையில், அவர் இருந்தார். எனக்குத் தெரிந்த ஒரே எழுத்து. பஞ்சாங்கத்தில் முதலில் இருப்பவர், கல்யாணச் சீட்டின் தலையில் இருப்பவர். தேங்காய் நேர்ந்துவிட்டு வந்தவளுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறார்! ஒரு கை மட்டையைப் பிடித்திருந்ததால் மற்றக் கையை நெஞ்சில் வைத்து முணுமுணுக்கத் தொடங்கினேன்.

மனுசன் திரும்பினார். "என்னப்பா செய்யிறாய்?"

"கும்பிடுறன்."

"இஞ்சை ஆரைக் கும்பிடுறாய்?"

"உதிலை பிள்ளையார் நிக்கிறார். உந்தக் கடைசிக்கு மேல் வரியிலை, கரையிலையிருந்து இரண்டாவது. சின்னனா."

பெரிய டொக்டர் மெல்லச் சுவர் மட்டைக்குக் கிட்டப் போய்க் குனிந்து, கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். அந்த இடத்தில் உகரம் இருந்தது. பிள்ளையார் சுழி. பிறகு அவர் என் முகத்தைப் பார்த்தார். இடக் கண்ணில் மட்டை அப்படியே இருக்கிறது.

"அம்மா, உந்தச் சின்னன் தெரியுதோ?"

"ஓம் ஐயா, பிள்ளையாரைத் தெரியாதோ?"

"அப்ப மேலை யானை மாதிரி ஒரு எழுத்து நிக்குது, அது தெரியேல்லை எண்டு சொன்னியளாம்?"

"தெரியேல்லைதானே. நான் பள்ளிக்குடத்துப் பக்கம் போகேல்லை ஐயா. பிள்ளையாரைத் தவிர உதிலை ஒருத்தரும் எனக்குப் பழக்கமில்லை."

முதலில் சிரித்தது நேர்ஸ் பிள்ளை. பிறகு இளம் டொக்டர் நெற்றியில் கையை அடித்துக்கொண்டு சிரித்தார். மனுசன் சிரித்தாரா அழுதாரா என்று பிரித்துச் சொல்ல முடியாது, சால்வை இன்னும் முகத்தில் இருந்தது. பார்க்க முடியவில்லை என்பதும் தெரியேல்லை, படிக்க வராது என்பதும் தெரியேல்லை. நானும் அந்த இளம் டொக்டரும் ஒரே சொல்லை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டு கொழும்புவரை போகப் பார்த்தோம்.

பெரிய டொக்டர் தடியைத் தானே எடுத்தார். "எழுத்து வேண்டாம். என்ன மாதிரி இருக்குதெண்டு மட்டும் சொல்லுங்கோ."

எனக்கு அதைவிட என்ன வேண்டும்? கதைக்கிற மருந்தும் உள்ளே இருக்கிறது.

"உது மேசன்மார் மூலை பாக்கிற மட்டம் மாதிரி."

அது டகரம் என்று இவள் சொல்கிறாள்.

"உது மூண்டு பக்கமும் வேலி அடைச்சு, மேலை அடையாமல் விட்ட வளவு. உதுவும் அதே வளவுதான், ஆனால் உள்ளுக்கு ஆரோ ஒரு தட்டி வைச்சு மறிச்சிருக்கினம். அண்ணன் தம்பி பிரிச்சவை போலை."

அது பகரமும் யகரமுமாம். ஒவ்வொன்றாகக் கடைசிக்கு மேல் வரிவரை சொன்னேன். கடைசி வரியில் மட்டும் எறும்புபோல ஏதோ ஊர்ந்தது. அதையும் எறும்பு என்று சொன்னேன். "அது எனக்கும் எறும்புதான்" என்றார் டொக்டர். மட்டையை என் கையிலிருந்து தானே வாங்கி வைத்தார்.

"கண் திரும்பியிட்டுது. கொழும்பும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். குளிசையைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைப்பம்."

"ஐயா, உதை எங்கடை சம்பந்திக்குச் சொல்லுவியளோ?" என்று கேட்டேன். அதற்கும் சிரித்தார்கள். நான் பகிடிக்குக் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது மனுசன் சைக்கிளை மிதிக்கவில்லை, பறக்கவிட்டார். வழியில் கோயிலில் தேங்காய் உடைத்தோம். என் கையால் உடைக்கப் பயந்து அவரிடம் கொடுத்தேன், நேர்த்தி என்னுடையது, உடைத்தது அவர். பிள்ளையார் குறை சொல்லவில்லை.

சம்பந்தி சொன்ன சொல் மாறவில்லை. முழுக் கதையையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "சரி, பிள்ளையாரே சாட்சி சொன்னால் நான் ஆர்?" என்றா. ஆனால் உடுப்பிட்டிக்கும் திரும்பிப் போகவில்லை. பெட்டியோடு எங்கள் வீட்டிலேயே இருந்துவிட்டா. அது நல்லதாகப் போயிற்று. சூடு எனக்கு ஆகாது, அடுப்படிக்கு நான் போனால் கண் கலங்கும். அதனால் அடுப்படி அவவுக்கு, கிணற்றடி எனக்கு என்று பாகம் பிரித்துக்கொண்டோம். பிள்ளை பெற்றவளுக்கு மிளகும் கொத்தமல்லியும் மஞ்சளும் சேர்த்துச் சரக்கு அரைத்தது அவதான். நான் அரைப்பதைவிட அவவின் சரக்குக் கறி நன்றாக இருந்தது. இதை அவவுக்கு நான் சொல்லவில்லை, இனி இதை வாசித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

பிள்ளை பிறந்தாள். பெண் பிள்ளை, தலை நிறைய மயிர், குரல் ஊரைக் கூட்டும். வீட்டுக்குக் கொண்டுவந்து முதன்முதல் வார்க்கப்போகிற நேரம், நான் கழுத்தில் ஈரத் துவாயோடு கிணற்றடியில் பலகையில் இருந்து இரண்டு காலையும் நீட்டினேன். வேப்பமர நிழல். கால் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை, முழங்காலுக்குக் கீழே மரக்கட்டைக்குத் துணி சுற்றியதுபோல இருந்தது. அதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. கண்ணைப் பற்றித்தானே டொக்டரைக் கேட்டார்கள், காலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லையே! சம்பந்தி எண்ணெய் பூசிய பிள்ளையைக் கொண்டுவந்து என் காலில் கிடத்தினா. கிடத்திவிட்டு எழும்பிப் போகவில்லை. பக்கத்திலேயே குந்தி, இரண்டு கையையும் பிள்ளைக்குக் கீழே ஏந்திக்கொண்டு இருந்தா.

"பிடிச்சிருக்கிறியளோ மச்சாள்?"

"பிடிச்சிருக்கிறன்."

"வடிவாப் பிடிச்சிருக்கிறியளோ?"

"மச்சாள், உங்கடை மகனையும் இப்பிடித்தான் ஆரோ வாத்திருப்பினம், அவர் இப்ப வாத்தியாராயிருக்கிறார். சும்மா இருங்கோ."

கைக்கு வேலை மறக்கவில்லை. இடது கை பிடரியில், வலது கை தண்ணீரில். கண்ணுக்குப் பிள்ளையின் கண் இமை மயிர்கூடத் தெரிந்தது. கால்தான் பிள்ளையின் பாரத்தைச் சொல்லவில்லை. கண்ணால் பார்த்துக் கையால் பிடித்துக்கொண்டு வார்த்தேன். முதற் கிண்ணம் தண்ணீர் வயிற்றில் விழுந்ததும் பிள்ளை குரல் எடுத்தாள். அதோடு, என் இடது காலில், மரக்கட்டைபோல இருந்த அதே காலில், சூடாக ஒரு கோடு வழிந்தது. முழங்காலுக்குக் கீழே தொடங்கிக் கணுக்கால்வரை போனது. நல்ல சூடு. அது போன வழியெல்லாம் எனக்குத் தெரிந்தது.

"தெரியுது!" என்று கத்திவிட்டேன். "தெரியுது, தெரியுது!"

சம்பந்தி பதறிப் பிள்ளையை அள்ளப் போனா. "என்ன தெரியுது? பிள்ளைக்கு என்ன மச்சாள்?"

"பிள்ளைக்கு ஒண்டுமில்லை! என்ரை காலிலை மூத்திரம் பெய்யிறாள், சூடு தெரியுது!"

வீட்டுக்குள் படுத்திருந்த மகள் "என்னம்மா, என்னணை?" என்று கத்துகிறாள். மனுசன் வேலிப் பக்கத்திலிருந்து ஓடி வருகிறார். சம்பந்தி ஒரு கணம் என்னைப் பார்த்தா, காலைப் பார்த்தா, பிள்ளையைப் பார்த்தா. பிறகு ஏந்திக்கொண்டிருந்த இரண்டு கையையும் எடுத்துவிட்டா. சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்று தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் விழுந்தது.

"அப்ப மற்றக் காலிலையும் பெய்யச் சொல்லுங்கோ மச்சாள், அதையும் சோதிச்சுப் பாப்பம்."

மற்றக் காலுக்குச் சூடு வந்து சேர இன்னும் கொஞ்ச நாள் ஆனது. பிள்ளை தன் பங்குக்கு ஒவ்வொரு நாளும் சோதித்தாள். மல்லி அதற்குப் பிறகும் பல தடவை வந்து போனது, ஒரு கையில் இப்போது தடி இருக்கிறது, ஈரத் துவாய் இன்னும் கழுத்தில் இருக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளையை நானே வார்த்தேன், முழுகவார்க்கத் தேவையில்லாமல் அவள் தானாகக் கிணற்றடிக்கு ஓடும் வரைக்கும் நானே வார்த்தேன்.

இந்த இடத்தில் இவள் பேனையை மேசையில் வைத்துவிட்டாள்.

"அம்மம்மா, உந்த மூத்திரக் கதையும் எழுதோணுமோ? ஆக்கள் வாசிக்கிறது."

"எழுதடி. செய்தவள் நீ. நீயே எழுது."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஏதோ எழுதுகிறாள். நான் சொன்னதைத்தான் எழுதினாளோ, இல்லை வேறு ஏதும் போட்டாளோ. எட்டிப் பார்த்தேன், கண்ணுக்கு எல்லாம் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் எனக்குத் தெரியேல்லை.